இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? பராமரிப்பு இல்லத்தில் உறவினரைச் சேர்க்குமுன் அறிய வேண்டியவை

மாத்தளை மாவட்டத்துக்குத் திரும்பி வரும் குடும்பங்கள் பலவற்றில் தானாக எழுந்து நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த தாத்தாவாக இருக்கலாம். போர்க்காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போன தம்பியாக இருக்கலாம். நினைவு தடுமாறும் அம்மாயியாகவும் இருக்கலாம்.

1977, 1983 கலவரங்களின்போது மாத்தளைத் தோட்டங்களையும் நகரத்தையும் விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் உண்டு. அன்று இளைஞர்களாகப் போனவர்கள் இன்று முதியவர்கள். மண்சரிவுக்குப் பயந்து வீட்டை விட்டு, இப்போது வேறு காணியில் குடியேறும் குடும்பங்களும் உண்டு. எந்தக் காரணத்தால் இடம்பெயர்ந்திருந்தாலும், திரும்பி வரும் முதல் சில மாதங்களில் நிலைமை ஒன்றுதான். வீடு அரைகுறை, தரை ஈரம், மலசலகூடம் தூரம், உழைக்கக்கூடியவர்கள் எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நோயாளியை ஒரு பராமரிப்பு இல்லத்திலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சில காலம் விட வேண்டி வருகிறது.

அப்படி விடுவது தவறு அல்ல. எங்கே விடுகிறோம் என்று பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. கட்டடம் புதிதா, தரையில் மாபிள் பதித்திருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடக்க முடியாத ஒருவரின் உயிரும் உடல்நலமும் பெரும்பாலும் ஒரே விடயத்தில் தங்கியிருக்கின்றன: அவரைத் தொட்டுப் புரட்டி, சுத்தம் செய்து, ஊட்டிவிடப் போதிய ஆட்கள் எல்லா நேரமும் இருக்கிறார்களா என்பதே அது.

ஆள் குறைந்தால் என்ன நடக்கும்

அசைய முடியாதவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் (முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம், குதிகால்) தோலுக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. சில மணி நேரத்திலேயே அந்த இடம் கன்றத் தொடங்கலாம். அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். கவனிக்காமல் விட்டால் புண் எலும்பு வரை இறங்கும்; கிருமி இரத்தத்தில் கலந்து உயிரையே கொண்டு போகலாம்.

ஒரு காலத்தில் முள்ளந்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் முள்ளந்தண்டு காயப்பட்டோருக்கான பிரிவை ஆரம்பித்தார். நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும், தவறாமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை அங்கே அவர் கண்டிப்பான விதியாக வைத்தார். புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இல்லாமல், மனிதக் கைகளாலேயே இந்த வேலை நடந்தது. சாவுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார்கள். அந்த வைத்தியசாலையில் 1948 இல் தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னர் பராலிம்பிக் ஆக வளர்ந்தது.

சாதாரண வைத்தியசாலைகளிலும் இதே உண்மை தெரிகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்து 2002 இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு தாதியின் பொறுப்பில் உள்ள நோயாளர் எண்ணிக்கை ஒன்றால் கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதத்தால் கூடுவதாக அது கண்டது. ஆட்கள் குறைவு என்பது வெறும் வசதிக் குறைவு அல்ல என்பதற்கு இது சான்று.

ஒரு கணக்கு: உங்கள் இல்லத்துக்கும் போட்டுப் பாருங்கள்

ஓர் இல்லத்தில் 20 கட்டில்கள் என்று வையுங்கள். அவர்களில் 12 பேருக்குத் தாமாகப் புரள முடியாது. ஒருவரைப் புரட்டி, நனைந்த துணியையோ பம்பர்ஸையோ மாற்றி, தோலைப் பார்த்து, இரண்டு மிடறு தண்ணீர் கொடுக்க ஏறத்தாழ 8 நிமிடம் போகும். 12 பேருக்கு 96 நிமிடம். இரண்டு மணித்தியாலம் என்பது 120 நிமிடம். ஒரு சுற்று முடிந்து சிறிது மூச்சு வாங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். பாரமான ஒருவரைத் தோல் உரசாமல் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஆகவே, இந்த இல்லத்தில் இரவில் குறைந்தது இரண்டு பேர் விழித்திருந்து வேலை செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் புரட்டுவது நடக்காது. புத்தகத்தில் "புரட்டியாயிற்று" என்று எழுதியிருந்தாலும் நடக்காது.

இனி அடுத்த கணக்கு. "எங்களிடம் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்" என்று பொறுப்பாளர் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளில் எட்டு மணித்தியால வேலைமுறை மூன்று. ஒவ்வொரு முறையிலும் இரண்டு பேர் என்றால் ஒரு நாளுக்கு 6 முறை, ஒரு வாரத்துக்கு 42 முறை. ஒருவர் வாரத்தில் ஆறு நாள் வந்தாலும் 7 பேர் வேண்டும். லீவு, சுகயீனம், பெருநாள் எல்லாம் சேர்த்தால் 8 அல்லது 9 பேர். ஐந்து பேரை வைத்துக்கொண்டு எல்லா நேரமும் இரண்டு பேரை நிறுத்த வேண்டுமானால் அவர்கள் வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 11 மணித்தியாலத்துக்கு மேல் உழைக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றிரவு ஒருவர்தான்.

ஆகவே "மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள். "நேற்று இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருந்தார்கள்? அவர்கள் யார்?" என்று கேளுங்கள். போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எப்படி என்றும் கேளுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது

அங்கே இருப்பவர் யார் என்பதும் முக்கியம். அரச தாதியர் கல்லூரியில் மூன்று ஆண்டு பயின்ற தாதி ஒருவர். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளர் ஒருவர். எந்தப் பயிற்சியும் இல்லாமல் சமையலுக்கும் துப்புரவுக்கும் சேர்ந்து, நோயாளியையும் பார்க்கும் ஒருவர். மூவரும் நல்ல மனம் உள்ளவர்களாக இருக்கலாம். ஆனால் சிறுநீர்க் குழாய் அடைபட்டதையும், விழுங்கும்போது சோறு மூச்சுக்குழாய்க்குள் போவதையும், இன்சுலின் அளவு மாறியதையும் கண்டுபிடிப்பது பயிற்சி உள்ளவரால்தான் முடியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தாதியரும் பராமரிப்பாளர்களும் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அதனால் பழகிய முகங்கள் அடிக்கடி மாறும் இல்லங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நோயாளியைத் தெரிந்தவருக்குத்தான் இன்று அவர் வழக்கத்தைவிடச் சோர்ந்திருக்கிறார் என்பது தெரியும்.

புனர்வாழ்வுக்காகச் சேர்ப்பதென்றால் பிசியோதெரபி பற்றிக் கேளுங்கள். பாரிசவாதத்துக்குப் பின் உடல் மீளும் வேகம் முதல் சில மாதங்களில்தான் அதிகம். பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்றால், மற்ற ஐந்து நாளும் அந்தப் பயிற்சியைச் செய்விப்பவர் யார்? பயிற்சி இல்லாத மூட்டு இறுகிப்போகும். இறுகிய கையை விரிக்கப் பிறகு மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

மொழியும் பராமரிப்பின் ஒரு பகுதி. நீண்ட காலம் வன்னியில் வாழ்ந்தவர்களுக்குச் சிங்களம் மறந்திருக்கலாம். மூளை பாதிக்கப்பட்ட சிலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முதலில் போய், தாய்மொழி மட்டும் மிஞ்சும். "நெஞ்சு அடைக்கிறது" என்று அவர் சொல்வது இரவு வேலையில் இருப்பவருக்கு விளங்க வேண்டும். ஒவ்வொரு வேலைமுறையிலும் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வலி, தண்ணீர், மலசலகூடம், மூச்சு முட்டு, குளிர் என்பவற்றைப் படத்துடன் இரு மொழியிலும் ஓர் அட்டையில் எழுதி, கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள்.

எங்கே போகலாம்

மூன்று வகை இடங்கள் உண்டு. மூன்றையும் ஒன்றென்று எண்ணக் கூடாது.

முதலாவது, அரச வைத்தியசாலை. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ தம்புள்ளை வைத்தியசாலைக்கோ முதலில் காட்டுங்கள். தொடர்ந்து புனர்வாழ்வுச் சிகிச்சை தேவையென்றால், அங்குள்ள மருத்துவரிடம் கண்டி மாவட்டத்துத் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். றாகமையிலும் அரச புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. இங்கே சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இவை சிகிச்சைக்கான இடங்கள்; ஆயுள் முழுவதும் தங்கும் இடங்கள் அல்ல.

இரண்டாவது, தனியார் மருத்துவ மனைகளும் நேர்சிங் ஹோம்களும். இவை 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இந்த ஆண்டுக்கான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, முதியோர் இல்லங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களும். முதியோருக்குச் சேவை வழங்கும் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை வழங்கும் அமைப்புகளுக்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. முதியோர் இல்லம் ஒன்றில் தாதி இருந்தேயாக வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நடமாடக்கூடிய முதியவருக்கு அது பொருத்தமான இடம். குழாய் போட்ட, புண் உள்ள, ஊட்டிவிட வேண்டிய ஒருவருக்கு அது பொருந்துமா என்று கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

எந்த இல்லம் பதிவானது என்பதை உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமோ கேட்கலாம். மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் உள்ளன: மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, யட்டவத்தை, பள்ளேபொல, நாவுல, தம்புள்ளை, கலேவெல, அம்பன்கங்க கோறளை, லக்கல பள்ளேகம, வில்கமுவ. உங்கள் காணி எதற்குள் வருகிறது என்பது தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

போய்ப் பார்க்கும்போது

சொல்லிவிட்டு ஒரு முறை போங்கள். சொல்லாமல் ஒரு முறை போங்கள். இரண்டாவது முறை சாப்பாட்டு நேரத்திலோ மாலை மங்கும் நேரத்திலோ போவது நல்லது. இவற்றைக் கவனியுங்கள்:

1. சாப்பாடு. தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா, பக்கத்தில் இருந்து ஊட்டுகிறார்களா? விழுங்கக் கஷ்டப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறார்களா? அரை மணி நேரம் கழித்துத் தொடாத தட்டுகள் எத்தனை திரும்பிப் போகின்றன?

2. தண்ணீர். கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? உதடு வெடித்து, நாக்கு வறண்டவர்கள் தெரிகிறார்களா?

3. வாடை. ஒரு கட்டில் பக்கம் சிறுநீர் வாடை வருவது இயல்பு. வாட்டு முழுவதும் வீசினால் மாற்றிவிட ஆள் இல்லை என்று பொருள்.

4. கூப்பிடுகை. யாராவது கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் ஒருவர் வருகிறார்? நீங்களே மணிக்கூட்டைப் பாருங்கள்.

5. கட்டுவது. கையைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்களா? பகலிலும் எல்லோரும் மயங்கித் தூங்குகிறார்களா? ஆள் குறைந்த இடங்களில் துணியாலும் தூக்க மருந்தாலும் நோயாளியை அடக்கி வைக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. அமெரிக்காவில் 1987 இல் வந்த சட்டம், ஊழியரின் வசதிக்காக நோயாளியைக் கட்டுவதையோ மருந்தால் அடக்குவதையோ தடை செய்தது. உங்கள் உறவினருக்குத் தூக்க மருந்து கொடுத்தால், எந்த மருத்துவர், எதற்காக எழுதினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

6. பதிவேடு. புரட்டிய நேரம், மருந்து, மலம், காய்ச்சல் ஆகியவற்றை எழுதும் ஏடு ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா? இரவு முழுவதுக்கும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சேர்க்கும் நாளில் செய்ய வேண்டியவை

நோய் நிர்ணய அட்டை, கிளினிக் புத்தகம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து மூலத்தை நீங்கள் வைத்திருங்கள். உடலில் ஏற்கெனவே உள்ள புண், தழும்பு, வீக்கம் எல்லாவற்றையும் பொறுப்பாளரோடு சேர்ந்து பார்த்து, திகதியோடு எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். பின்னர் "வரும்போதே இருந்தது" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. அது இல்லத்துக்கும் பாதுகாப்பு.

மாதக் கட்டணத்தில் எவை அடங்கும், பம்பர்ஸுக்கும் மருந்துக்கும் வேறாகக் கட்ட வேண்டுமா, அவசரத்தில் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு போவார்கள், யாருக்கு அறிவிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் இல்லத்தில் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். முதியோர் கொடுப்பனவு அல்லது மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு பழைய முகவரியில் பதிவாகியிருந்தால், குடியேறிய உடனேயே புதிய பிரதேச செயலகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 60 வயதைக் கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

வீடு கட்டி முடியும் வரை மட்டுமே என்று எண்ணிச் சேர்ப்பதானால், திரும்பக் கூட்டிப் போகும் மாதத்தையும் எழுதி வையுங்கள். புது வீட்டில் படிக்குப் பதிலாகச் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, கைபிடி உள்ள மலசலகூடம் ஆகியவற்றைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். சுவர் எழும்பிய பின் மாற்றுவது செலவு. இவை இல்லாததாலேயே "சில மாதம்" என்று போனவர்கள் வருடக்கணக்கில் இல்லத்திலேயே இருந்துவிடுகிறார்கள்.

சேர்த்த பின்

வாரத்தில் ஒரு நாளாவது யாராவது போக வேண்டும். ஒரே நாள், ஒரே நேரம் என்று வைக்காதீர்கள். போனவுடன் நலம் விசாரித்துவிட்டு, அவரின் சம்மதத்தோடு முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்தோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ இருக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால், அல்லது அந்த இடம் சூடாகவோ இறுகியோ இருந்தால், அது படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. அதனால் தொட்டும் பார்க்க வேண்டும். அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் அந்த இடத்தில் பாரம் படாமல் பார்த்துக்கொண்டாலே குணமாகலாம்.

குறை சொன்னால் நம் ஆளை மோசமாக நடத்துவார்களோ என்று பயந்து பல குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. பயம் விளங்கக்கூடியதுதான். ஆனால் மௌனம் நோயாளியைக் காப்பாற்றுவதில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் வைத்தியசாலையில் ஆட்குறைப்பால் நோயாளிகள் தண்ணீரும் பராமரிப்பும் இன்றி வாடியதை விடாமல் எடுத்துச் சொன்னவர்கள் உறவினர்கள்தான். அதன் விளைவாக நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013 இல் வெளியானது.

முறையிடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில், நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்துப் பிரதி வைத்திருங்கள். திருத்தம் இல்லையென்றால் இல்லத்தை நடத்தும் நிர்வாகத்திடம். அதன் பின், முதியோர் அல்லது மாற்றுத்திறனாளிகள் இல்லமானால் பிரதேச செயலகத்திடம். தனியார் மருத்துவ நிறுவனமானால் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம். அரச வைத்தியசாலையானால் அதன் பணிப்பாளரிடமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும். அரச நிறுவனம் உரிமையை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. அடித்தார்கள் என்றால் பொலிசில் முறையிடுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919 அரச தகவல் நிலையத்தைக் கேளுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், திடீர்ப் பாரிசவாதம் என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

அங்கே வேலை செய்பவர்களையும் மனிதராகப் பாருங்கள். இருபது பேரைத் தனியாகப் பார்த்துக் களைத்த ஒரு பிள்ளையைத் திட்டுவதால் அடுத்த இரவு இரண்டாவது ஆள் வந்துவிடப் போவதில்லை. ஆளை நியமிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. கேள்வியும் அங்கேதான் போக வேண்டும்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிவு செய்தாலும் கணக்கு மாறாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டுவது வீட்டிலும் வேண்டும். அதை அம்மாவோ மருமகளோ தனியாக மாதக்கணக்கில் செய்ய முடியாது. யார் எந்த இரவு விழிப்பது என்று குடும்பமாக உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள்; ஆண்களும் அதில் சேர வேண்டும். பயிற்சிகளையும் புரட்டும் முறையையும் வைத்தியசாலையை விட்டு வருமுன் பிசியோதெரபிஸ்டிடமும் தாதியிடமும் செய்து காட்டச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.